மானா, பூநாரையா? கோடிக்கரைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கோடிக்கரைக்குப் போய்விட்டு வந்து, "அங்க என்ன இருக்கு? நாலு குதிரையும் நாற்பது குரங்கும்தான்" என்று சொல்கிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். அவர்கள் பொய் சொல்லவில்லை. வேளாங்கண்ணி, வேதாரண்யம் கோயில் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, வழியில் இதையும் எட்டிப் பார்ப்போம் என்று பதினோரு மணி வெயிலில் காரை விட்டு இறங்கினால் அவ்வளவுதான் கண்ணில் படும். என் முதல் பயணமும் அப்படித்தான். மே மாதம், உச்சி வெயில், அதுவும் பூநாரை (ஃப்ளமிங்கோ) பார்க்க! சதுப்பு முழுக்கக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வாங்கி வைத்திருந்த வடையையும் பையோடு குரங்கு கொண்டுபோய்விட்டது.

இது மிருகக்காட்சிசாலை இல்லை. கூண்டு கிடையாது, வேளாவேளைக்குத் தீனி போட்டு நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தவும் ஆள் கிடையாது. நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வங்கக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பிப் பாக் நீரிணையாகிற முனையில், சுமார் 21 சதுர கிலோமீட்டர் காடும் புல்வெளியும். 1967-ல் திருகுக் கொம்புள்ள வெளிமானைக் காப்பாற்றுவதற்கென்று சரணாலயமாக்கினார்கள். முதுமலையோடு ஒப்பிட்டால் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் இந்தச் சின்ன இடத்தை ஒட்டியே வேதாரண்யம் பெருஞ்சதுப்பு மேற்கே விரிந்து கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் 2002-ல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது ராம்சார் உடன்படிக்கைப்படி உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பெயர் பெற்ற முதல் இடம் இதுதான். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு ஒரே இடமும் இதுதான்.

சரி, போவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மானா, பறவையா?

இரண்டும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் நாள்கணக்கு வேறு.

வெளிமான் ஆண்டு முழுக்க அங்கேயே இருக்கும். மழை நின்று புல்வெளி காய்ந்தபிறகு, பங்குனி சித்திரையில், கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம். பறவைகள் அப்படியில்லை. புரட்டாசி ஐப்பசியில் வரத் தொடங்கி, பங்குனிக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது சதுப்பில் தண்ணீர் ஏறிவிடும். நெட்டைக்கால் பூநாரைக்கு அது ஒரு பொருட்டில்லை. சேற்றோரம் ஓடித் திரியும் சின்ன உள்ளான்களுக்குக் கால் விரல் நீளம்தான், அவற்றால் அதில் நின்று மேய முடியாது. மழை விட்டுத் தண்ணீர் வற்றி, சேறு மேலே பளபளவென்று தெரிய ஆரம்பிக்கும்போதுதான் அவை ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும்.

அதனால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது தையும் மாசியும். மழைத்தொல்லை அநேகமாக முடிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, பூநாரையும் உள்ளானும் இருக்கும், மானும் தெரியும். நவம்பரில் போகத் துடிப்பவர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பிறகு கஜா புயல் இந்தப் பக்கமாகத்தான் கரையேறியது. அன்றைக்கு விழுந்த மரங்களின் கணக்கையும் மடிந்த மான்களின் கணக்கையும் அங்கே இருப்பவர்கள் இன்றும் பேசுவார்கள்.

போகக் கூடாத நாட்களும் உண்டு. ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டு நாளும் கோடிக்கரைக் கடலில் நீராட, தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் அலைமோதும். நீங்களும் தர்ப்பணத்துக்குப் போவதாக இருந்தால் சரி, மான் பார்க்க வேண்டாம். காணும் பொங்கல் அன்றைக்கும் அதே நிலைதான்.

போய்ச் சேர்வது, தங்குவது

வேதாரண்யத்தை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கோடிக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நாகப்பட்டினத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வேதாரண்யத்துக்குப் பேருந்து நிறைய. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளிவரை 37 கிலோமீட்டர் ரயில்பாதை அகலமாக்கப்பட்டு 2023 ஏப்ரலில் மறுபடி திறந்தது. ரயில்நேரம் பறவைக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். விடியும்போது நீங்கள் சதுப்போரம் நிற்க வேண்டும், அதற்குத் தோதான ரயில் இல்லையென்றால் முதல்நாள் சாயங்காலமே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

கோடிக்கரையில் வனத்துறையின் ஓய்வு விடுதி உண்டு, பூநாரை இல்லம் என்று பெயர். நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை, கதவைத் திறந்தாலே காடு. கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் சாதாரண லாட்ஜ்கள் இருக்கின்றன. இரவு சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கோடிக்கரை மீனவர் ஊர். டீக்கடையும் இட்லியும் கிடைக்கும், ஓட்டல் என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஐப்பசி முதல் பங்குனிவரை வெளியூர் மீனவர்களும் வந்து குடிசை போட்டுத் தங்கி மீன் பிடிப்பார்கள். அந்தச் சமயத்தில் ஊருக்குள் நுழைந்ததும் கருவாட்டு வாசனைதான் முதலில் வரவேற்கும்.

நுழைவுக் கட்டணம், வண்டியை எதுவரை விடலாம், வழிகாட்டி கட்டாயமா என்பதெல்லாம் அவ்வப்போது மாறுகிற சமாச்சாரம். வாசலில் என்ன சொல்கிறார்களோ அதுதான் விதி. இணையத்தில் யாரோ எப்போதோ எழுதியதைக் காட்டிச் சண்டை போடாதீர்கள். வழிகாட்டியோ காவலரோ கூட வருகிறேன் என்றால் மறுக்காமல் கூட்டிக்கொள்ளுங்கள். இன்றைக்குக் காலையில் மான்கூட்டம் எந்தப் பக்கம் மேய்ந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

பையில் என்ன வைப்பது

இருநோக்கி, அதாவது பைனாகுலர். மற்றதெல்லாம் அப்புறம். 8×42 என்று போட்டிருப்பதைக் கடன் வாங்கியாவது கொண்டுபோங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். மடங்கு கூடக்கூட நல்லது என்று நினைத்து இருபது மடங்கு வாங்காதீர்கள், கைநடுக்கமும் இருபது மடங்காகத் தெரியும். நண்பர் யாரிடமாவது முக்காலியோடு தொலைநோக்கி இருந்தால் அவரையும் சேர்த்து அழைத்துப் போங்கள். பூநாரை நினைப்பதைவிடத் தூரத்தில் நிற்கும்.

மண்நிறத்தில் சட்டை, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மூடிய செருப்பு அல்லது ஷூ. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து மேலே வரும். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். வடை கதையைச் சொல்லிவிட்டேன்.

முதல் காலை சதுப்புக்கு

ஒரே ஒரு நாள்தான் என்றால் காலையைச் சதுப்புக்கும் மாலையைப் புல்வெளிக்கும் கொடுங்கள். காரணம் சூரியன். வேதாரண்யத்திலிருந்து தெற்கே வருகிற சாலைக்குக் கிழக்கில் கடல், மேற்கில் சதுப்பு. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவை மேல் நேராக வெளிச்சம் விழும், நிறம் தெரியும். அதே இடத்தில் மாலையில் நின்றால் கண் கூசும், எதைப் பார்த்தாலும் கறுப்பு நிழல்தான்.

ஆறு மணிக்கே போய்விடுங்கள். ஒன்பது ஆகிவிட்டால் உப்புத்தரை சூடேறிக் கானல் எழும்பும். அப்புறம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியானாலும் பறவை தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் நெளிந்து நெளிந்துதான் தெரியும்.

வழியில் அகஸ்தியன்பள்ளியில் இருபக்கமும் உப்பளங்கள் வரும். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்தது இங்கேதான், நினைவுத்தூண் நிற்கிறது. திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், வெளிச்சம் காத்திருக்காது.

பூநாரையை எப்படிக் கண்டுபிடிப்பது? தூரத்தில் தண்ணீர்க் கோட்டுக்கு மேல் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தால் இருநோக்கியை அங்கே திருப்புங்கள். படங்களில் பார்க்கிற அடர்ந்த சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். நம் ஊருக்கு வருகிற பெரும் பூநாரை கிட்டத்தட்ட வெள்ளை. காலும் அலகும்தான் ரோஜா நிறம், பறக்கும்போது மட்டும் சிறகுக்குள்ளிருந்து சிவப்பும் கறுப்பும் விரியும். அழுக்குச் சாம்பலில் சில நிற்கும், அவை குஞ்சுப் பருவம் தாண்டியவை. தீனியில் உள்ள நிறமி உடம்பில் ஏற ஏறத்தான் ரோஜா நிறம் வரும்.

அவசரப்படாமல் ஒரே ஒரு பறவையை ஐந்து நிமிடம் பாருங்கள். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் வைத்திருக்கும். இரண்டு காலாலும் நின்ற இடத்திலேயே மிதித்து மிதித்துச் சேற்றைக் கலக்கிக்கொண்டு சுற்றும். கலங்கி மேலே வருகிற புழு பூச்சியை நாக்கால் தண்ணீரோடு இழுத்து, அலகோரத்துச் சீப்பு போன்ற பற்களால் வடிகட்டித் தண்ணீரை வெளியே தள்ளும். நாம் டீ வடிகட்டுகிற மாதிரிதான். அது நகர்ந்தபின் அந்த இடத்தில் ஒரு வட்டக்குழி மிஞ்சியிருக்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கிட்டத்தில் படம் எடுக்கிறேன் என்று சதுப்புக்குள் இறங்காதீர்கள். மேலே காய்ந்த தரைபோல் ஏடு கட்டியிருக்கும், கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகும். என் செருப்பில் ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைவிட முக்கியம், நீங்கள் பத்தடி இறங்கினால் ஆயிரம் பறவை எழும்பும். தின்று சேர்த்ததையெல்லாம் அந்த ஒரு பறத்தலில் செலவழித்துவிட்டு மறுபடி எங்கோ போய் இறங்கும்.

பூநாரைக்கு முன்னால், கரையோரமாக ஓடிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னப் பறவைகளை விட்டுவிடாதீர்கள். உள்ளான்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், புத்தகத்தைப் புரட்டினால் தலை சுற்றும். முதல்நாள் உள்ளானும் அல்லாததுமாக ஐந்தே ஐந்து பறவை போதும். சிவப்புக் குச்சிபோலக் கால் நீண்டு, கறுப்புச் சிறகோடு நிற்பது பவளக்கால் உள்ளான். சிட்டுக்குருவி அளவில், தையல் இயந்திர ஊசி மாதிரிக் குத்திக் குத்தி ஓடுவது கொசு உள்ளான். பெயர் வைத்தவர் வாழ்க. அந்த உருண்டை வடதுருவப் பக்கம் முட்டையிட்டுவிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வந்திருக்கிறது. அலகு நீண்டு கீழ்நோக்கி அரிவாள் போல் வளைந்திருந்தால் கோட்டான் (ஆந்தை இல்லை, இது கரையோரப் பறவை). அலகு நுனி தட்டையாகக் கரண்டிபோல் இருந்தால் கரண்டிவாயன். மேலே வட்டமிட்டுத் தலைகீழாகத் தண்ணீரில் விழுகிறவை ஆலாக்கள். அவற்றில் காரட் போலத் தடித்த சிவப்பு அலகோடு ஒன்று வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், அதுதான் ஆலாக்களிலேயே பெரியது.

மாலை, புல்வெளி

பகலில் தூங்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். பதினொன்றிலிருந்து மூன்றுவரை கோடிக்கரையில் உருப்படியாக எதுவும் நடக்காது. மூன்றரை, நாலு மணிக்குச் சரணாலயத்துக்குள் போனால் போதும்.

வெளிமானைச் செய்தித்தாள்களில் கலைமான் என்றும் புள்ளிமான் என்றும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். புள்ளிமானும் இதே காட்டில் உண்டு, ஆனால் அது வேறு. புள்ளிமானுக்குக் கிளை பிரிந்த கொம்பு, ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். வெளிமானுக்குக் கிளையே கிடையாது. முறுக்கிப் பிழிந்த துணிபோல் திருகித் திருகி மேலே போகும், விழவே விழாது. திருகுமான் என்ற பெயரும் அதனால்தான். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், அது வெளியில், திறந்த புல்வெளியில் வாழ்கிற விலங்கு. ஆபத்து வந்தால் மற்ற மான்போல் புதருக்குள் ஒளியாது, தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்வரை ஓடக்கூடியது. ஆகையால் நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது உங்களைப் பார்த்திருக்கும்.

இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறோம். கூட்டம் கண்ணில் பட்டதும் கேமராவோடு அதை நோக்கி நடப்போம். நூறு மீட்டருக்குள் போவதற்குள் தலைகள் நிமிரும், ஒரு பெண்மான் செங்குத்தாக ஒரு துள்ளு துள்ளும், அடுத்த நிமிடம் புல்வெளி காலி. இரண்டாவது தடவை நான் போயிருந்தபோது, வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டார். "கிட்டப் போவாதீங்க சார். இப்புடியே குந்துங்க. மேஞ்சுக்கிட்டே அதுவே வரும்." பாலை மரத்தடியில் அவரோடு குந்தினேன். இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் தன் மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால் கூட்டம் பாதித் தூரம் வந்திருந்தது.

கூட்டத்துக்கு நடுவில் ஒரு கறுப்பு ஆண். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். இளசுகள் பெண்மான்போலவே மண்நிறத்தில் இருக்கும், வயது ஏற ஏறத்தான் கறுக்கும். அந்தக் கறுப்பு ஆண் மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பை முதுகோடு சாய்த்து, காதைத் தொங்கவிட்டு, ஒருமாதிரி அதட்டிக்கொண்டே ஒரு பெண்ணைச் சுற்றிச் சுற்றி நடந்தது. கல்யாண வீட்டில் புது வேட்டி கட்டிய இளவட்டங்கள் நடக்கிற நடை. அந்தப் பெண்ணோ தலையைக்கூட நிமிர்த்தாமல் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு ஆண் வந்ததும் இரண்டும் முட்டிக்கொள்ளும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்தபடி, ஒரே வேகத்தில் நாற்பது அடி நடந்தன. வந்தது திரும்பிப் போய்விட்டது. அவ்வளவுதான் சண்டை.

புல்லுக்குள் தனியாகக் குட்டி படுத்திருந்தால் தாயை இழந்தது என்று தூக்கிவிடாதீர்கள். பிறந்த புதிதில் குட்டியை ஒளித்து வைத்துவிட்டுத்தான் தாய் மேயப் போகும். நீங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தால் நரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். இங்கே மான்குட்டிக்கு முதல் எதிரி நரிதான். அந்திநேரத்தில் பாதை ஓரமாக அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போவதையும் காணலாம். வெளிமான், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. தொடுவதும் துரத்துவதும் விளையாட்டில்லை.

குதிரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. குள்ளமாக, பிடரி மயிர் காற்றில் பறக்கக் கூட்டமாக நிற்கும் மட்டக்குதிரைகள் காட்டுக்குதிரைகள் அல்ல. யாரோ எப்போதோ வளர்த்து விட்டவற்றின் வாரிசுகள். படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெளிமான் தின்கிற அதே புல்லைத்தான் அவையும் தின்கின்றன, சீமைக்கருவேலக் காயைத் தின்று சாணத்தோடு விதையையும் புல்வெளியில் போடுகின்றன. முள் பரவினால் வெளி சுருங்கும், வெளி சுருங்கினால் வெளிமானுக்கு ஏது இடம்? எனக்குக் குதிரைமேல் கோபமில்லை, அதைப் படமெடுத்துவிட்டு மானைப் பார்க்காமல் போகிறவர்கள்மேல் கொஞ்சம் உண்டு.

இரண்டாம் நாள் கிடைத்தால்

காட்டுக்குள் போங்கள். ஐந்தேமுக்காலுக்குப் பாலை மரங்கள் அடர்ந்த பக்கமாக நின்று காது கொடுங்கள். கோடையில் மஞ்சளாகப் பழுக்கிற, தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும் அதே பாலைப்பழத்தின் மரம்தான். மழையை நம்பி நிற்கிற இந்த வறண்ட பசுமைமாறாக் காடு தமிழ்க் கடற்கரையில் இப்படிச் சேர்ந்தாற்போல் மிஞ்சியிருப்பது சொற்பம். இருட்டு விலகும்போது இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்கும். ஆறுமணிக்குருவி. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூப்பிடுவதால் அந்தப் பெயர். பச்சை, நீலம், பழுப்பு, அடிவயிற்றில் சிவப்பு என்று அத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு சருகுக்குள் தத்தித் தத்தித் திரியும். மரத்தின் மேலே தேடினால் கிடைக்காது, தரையைப் பாருங்கள். வடக்கே இமய அடிவாரத்திலிருந்தெல்லாம் இரவு இரவாகப் பறந்து வருகிற பறவை இது. கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணக் கரை, அதனால் இலங்கைக்குப் போகிற பறவைகள் பலவற்றுக்கும் இந்த முனை இளைப்பாறும் இடம்.

ராமர் பாதம், கலங்கரை விளக்கம், கோடிக் குழகர் கோயில் மூன்றையும் மிச்ச நேரத்தில் பார்த்துவிடலாம். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கத்தைத் தேடி அலைய வேண்டாம், எஞ்சியிருந்ததும் 2004 சுனாமியில் சிதைந்துவிட்டது. தை முதல் பங்குனிவரை போனால் வனத்துறையின் ஆமைக்குஞ்சு பொரிப்பகம் எங்கே என்று கேளுங்கள். பங்குனி ஆமை இந்தக் கரையில்தான் முட்டையிடுகிறது.

வளையம் தெரிந்தால்

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடிக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விட்டுவருகிறது. நீங்கள் பார்க்கிற உள்ளானின் காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால், எந்தக் கால், முட்டிக்கு மேலேயா கீழேயா, எந்த நிறம் மேலே எந்த நிறம் கீழே என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் படமும் எடுங்கள். தேதி, நேரம், இடத்தோடு அவர்களுக்கு எழுதினால் அந்தப் பறவை எங்கே, எப்போது பிடிபட்டது என்று பதில் வரும். குறித்துக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதலாம் என்று இருந்துவிடாதீர்கள். என் கைப்பேசியில் ஒரு கலங்கிய படம் இருக்கிறது, கொசு உள்ளான், காலில் ஏதோ கொடி. மூன்று வருடமாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், அது வெள்ளையா மஞ்சளா என்று பிடிபடவில்லை.